கால் எட்டுமா?

இந்த அத்தியாயம் ஐந்தடி ஆறு அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு. அதற்கு மேல் வளர்ந்தவர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். சிறுபான்மைக்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் ஆண்களின் சராசரி உயரமே ஐந்தடி ஐந்து அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கிறது, பெண்களுக்கு ஐந்தடி. நான் ஐந்தடி நான்கு. பத்து வருடமாக, மண்ணிலும் தாரிலும் ஓடுகிற உயரமான வண்டிகளைத்தான் ஓட்டுகிறேன். அதில் எத்தனை முறை நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னதில்லை.

முதல்முறை விழுந்தது ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே ஒரு டீக்கடை முன்னால். மணிக்கு அறுபதில் வந்தபோது ஒன்றும் ஆகவில்லை. கடையைப் பார்த்து இடது பக்கம் ஒதுக்கி, பிரேக் பிடித்து, காலை ஊன்றினேன். ஊன்ற வேண்டிய இடத்தில் தரை இல்லை. தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் நான்கு அங்குலப் பள்ளம். வண்டி மெதுவாக, அவசரமே இல்லாமல், ஒரு எருமை படுப்பது போலப் படுத்தது. டீக்கடையில் இருந்த பெரியவர் ஓடிவந்து தூக்கிவிட்டு, "ஏனுங் தம்பி, கால் எட்டாத வண்டிய எதுக்குங் வாங்குனீங்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த அத்தியாயம்.

சுருக்கமாகப் பதில் இது: வண்டி ஓடும்போது யாருடைய காலும் தரையில் இருப்பதில்லை. நிற்கிற அந்த ஐந்து விநாடிக்குத்தான் கால் வேண்டும். ஆகவே சீட் உயரத்தை மட்டும் பார்த்து வண்டி வாங்காதீர்கள், அதை மட்டும் பார்த்து வேண்டாம் என்றும் தள்ளாதீர்கள். உங்கள் வண்டி எங்கெல்லாம் நிற்கப்போகிறது என்று யோசித்து வாங்குங்கள்.

முதலில் காலை அளந்துகொள்ளுங்கள்

உயரத்தை அளந்தால் போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். நமக்கு வேண்டியது கவட்டிலிருந்து தரை வரையுள்ள அளவு. தையற்காரர் பேண்டுக்கு எடுப்பாரே, கிட்டத்தட்ட அதுதான். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்திப் பிடித்து, நோட்டின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து தரைவரை டேப்பில் அளந்தால் ஆயிற்று. எனக்கு 73.5 செ.மீ.

இப்போது கணக்கு. எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் சீட் உயரம் சுமார் 825 மி.மீ. என்று கம்பெனிக் காகிதம் சொல்கிறது. என் கால் 735. ஷூவின் அடிப்பாகம் 30 சேர்த்தால் 765. இன்னும் 60 மி.மீ. பாக்கி. இதைப் பார்த்துவிட்டு எட்டாது என்று கையை விரிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் நான் ஏறி உட்கார்ந்ததும் சாக் அப்சார்பர் அமுங்குகிறது. மண்ணுக்கென்று செய்த வண்டியில் சாக் நீளமாக வேலை செய்யும், ஆகவே அமுக்கமும் அதிகம். என் எடைக்குச் சுமார் 40 மி.மீ. இறங்குகிறது. பாக்கி 20. அதோடு சீட்டின் அகலம் தொடையை வெளிப்பக்கம் தள்ளுவதால் ஒரு 30, 40 மி.மீ. வீணாகிறது. எல்லாம் கூட்டிக் கழித்தால் இரண்டு குதிகாலும் இரண்டு, இரண்டேகால் அங்குலம் போலத் தூக்கியிருக்கும், முன்பாதம் இரண்டும் தரையில் படும். அது போதும். பிட்டத்தை இரண்டு அங்குலம் இடது பக்கம் நகர்த்தினால் இடது பாதம் முழுதாகப் பதிகிறது. அது போதுமானதற்கும் மேல்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் காகிதத்தில் வராது. ஒன்று, சீட்டின் முன்பக்க அகலம். டேங்கை ஒட்டி ஒடுங்கியிருந்தால் 830 கூட எட்டும், அகன்றிருந்தால் 800 கூட எட்டாது. இன்னொன்று உங்கள் எடை. குள்ளமாக இருப்பவர்கள் பலர் எடையும் குறைவாக இருப்பார்கள். ஸ்பிரிங் நம்மைவிடக் கனமானவருக்காக இறுக்கி வைத்திருந்தால் ஐம்பத்தைந்து கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தாலும் வண்டி அசையாமல் நிற்கும். ப்ரீலோட் என்று சொல்கிற அந்த இறுக்கத்தைப் பின் சாக்கில் குறைக்கலாம். அதற்கான கொக்கி ஸ்பேனர் பல வண்டிகளில் டூல் பையிலேயே கிடக்கும், நம்மில் பாதிப் பேர் அதைத் தொட்டிருக்க மாட்டோம். ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. செலவில்லாமல் இறங்கும். அளவுக்கு மீறித் தளர்த்தினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஊர் எல்லை வேகத்தடையில் அடி தட்டும். பின்சீட்டில் வழக்கமாக ஆள் வருகிற குடும்பஸ்தர்கள் ஒரு படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உயரம் பாதி, எடை பாதி

நாம் தினம் ஏறி இறங்கும் ஸ்பிளெண்டரின் சீட் 785 மி.மீ., எடை 112 கிலோ. அதில் பழகிய காலுக்கு 825 என்பது வெறும் நான்கு செ.மீ. கூடுதல். நான்கு செ.மீ.யா பயமுறுத்துகிறது? பயமுறுத்துவது எடை.

ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். 195 கிலோ வண்டி ஐந்து டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரில் பத்து கிலோ போலப் பிடிக்க வேண்டும். பதினைந்து டிகிரி சாய்ந்தால் முப்பது கிலோ. அதுவும் வண்டியின் எடைக்கு மட்டும், உங்கள் உடம்பையும் பின்னால் கட்டிய பையையும் சேர்க்காமல். டீக்கடை முன்னால் எனக்கு நடந்தது இதுதான். டயரிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி ஊன்றுகிற கால் நான்கு அங்குலம் கீழே போனால் வண்டி பதினான்கு, பதினைந்து டிகிரி சாய்ந்தாக வேண்டும். நுனிக்காலில் நின்றுகொண்டு முப்பது கிலோவை யாரால் நிறுத்த முடியும்? அதே பள்ளத்தில் 155 கிலோ வண்டி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தியிருக்கலாம்.

அதனால் வண்டிகளை நான் இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்கிறேன். 2016இல் வந்த பழைய ஹிமாலயன் 411இன் சீட் 800 மி.மீ. குள்ளமானவர்களின் வண்டி என்று அதற்குப் பெயரே உண்டு, இடுப்பும் ஒடுங்கியது. ஆனால் எடை 190க்கு மேல், கடைசியாக வந்தவை 199. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450இல் சீட்டை 825இலும் 845இலும் மாற்றி மாட்டலாம், தனியாகக் காசு கொடுத்தால் 805 சீட்டும் உண்டு, எடை 196. சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 835, 167 கிலோ. பி.எம்.டபிள்யூ ஜி 310 ஜி.எஸ்.ஸும் அதே 835, 175 கிலோ. ஓசூரில் டி.வி.எஸ். தொழிற்சாலையில் செய்த வண்டிதான், கால் அளவு மட்டும் ஜெர்மனியில் எடுத்திருக்கிறார்கள். இப்போது அது பழைய வண்டியாகத்தான் கிடைக்கும். கே.டி.எம். 390 அட்வென்ச்சர் 2020இல் வந்தபோது 855. சாக்கும் இறுக்கம், உட்கார்ந்தாலும் இறங்காது, என்னைப் போன்றவர்களுக்கு ஏணி வேண்டும். 2025இன் புது மாடலில் 830 ஆக்கிவிட்டார்கள். கவாஸாகி கே.எல்.எக்ஸ். 230 இன்னொரு கோடி: சீட் 880, எடை 139 கிலோதான். உயரம் பயமுறுத்தும், சாய்ந்தால் தாங்கிவிடலாம்.

எக்ஸ்பல்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெயரில் 'ப்ரோ' என்று சேர்ந்திருந்தால் சீட் 891 மி.மீ. பழைய வண்டிச் சந்தையில் விலை படிந்துவிட்டது என்று அவசரப்பட்டு ப்ரோவை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு மாதத்தில் திருப்பி விற்றவர் ஒருவரை எனக்குத் தெரியும். ப்ரோ இல்லாத 200 4வி-யின் எடை 160 கிலோவுக்குச் சற்றுக் கீழே. 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210இல் சீட் 830, எடை 168.

பெட்ரோலையும் மறந்துவிடாதீர்கள். லிட்டருக்கு முக்கால் கிலோ. ஹிமாலயன் 450இன் 17 லிட்டர் டேங்க் நிறைந்தால் கிட்டத்தட்ட பதின்மூன்று கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். புது வண்டியில் பழகும் முதல் மாதம் நான் பாதி டேங்குக்கு மேல் போடுவதில்லை.

நம் பக்கம் எங்கெல்லாம் நிற்க வேண்டியிருக்கிறது

சேலம் நாமக்கல் சமவெளி என்று சொன்னாலும் இது தட்டையான ஊர் இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு பிரச்சினையும் கிடையாது. கரூர் வரை நால்வழிச் சாலை, டோல்கேட்டில் பைக்குக்குத் தனி வழி, நிற்கவே வேண்டாம். பிரச்சினை அதை விட்டு இறங்கியதும் தொடங்கும்.

தார் ரோட்டின் ஓரத்தைச் சொல்லிவிட்டேன். கல்குவாரி லாரியும் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டரும் போகிற ரோடுகளில் தாரின் விளிம்பு உடைந்து, மண் கரைந்து, படி மாதிரி ஆகியிருக்கும். எதிரே லாரி வந்தால் நாம்தான் இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது ஒரு விதி: பாதி தாரில் பாதி மண்ணில் நிற்காதீர்கள். ஒன்று தாரிலேயே ஓரமாக நில்லுங்கள், இல்லையென்றால் இரண்டு சக்கரத்தையும் மண்ணில் இறக்கி ஓட்டிப்போய் நில்லுங்கள். இடது கால் எப்போதும் டயர் நிற்கிற அதே மட்டத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது ரயில்வே பாலங்களுக்கு அடியில் தோண்டிய சுரங்கப் பாதைகள். மழை பெய்த மறுநாள் அதில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அடியில் சேறா சிமெண்டா என்று தெரியாது. நெட்டைக்காரர் துழாவிப் பார்க்கலாம், நமக்கு அந்த வசதி இல்லை. முன்னால் போகிறவர் முழுதாக வெளியேறும்வரை இந்தப் பக்கமே காத்திருந்து, பிறகு முதல் கியரில் நிற்காமல் போய்விட வேண்டும். முன்னே போகிற மொபெட் நடுவில் நின்றுபோனால் நாமும் அவரும் சேர்ந்து குளிப்போம்.

வாய்க்கால் கரை எனக்குப் பிடித்த பாதை. ஜேடர்பாளையத்திலிருந்து பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் போகும் ராஜவாய்க்கால் கரை, எடப்பாடி, குமாரபாளையம் பக்கம் மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்கால் கரை. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இந்த வண்டியே. ஆனால் கரையின் இரண்டு ஓரமும் சரிவு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வாழைத் தோட்டம். நிற்கும்போது நடு மேட்டில் நில்லுங்கள், சரிவை ஒட்டி நிற்காதீர்கள். டயர் வண்டித் தடத்துக்குள் இறங்கி, ஊன்றும் கால் நடு மேட்டில் இருந்தால் இன்னும் உத்தமம்: தரையே நமக்காக மூன்று அங்குலம் உயர்ந்து வருகிறது.

என் சித்தி மகள் ஐந்தடி ஒன்று, எக்ஸ்பல்ஸ் ஓட்டுகிறாள். அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் கற்றுக்கொள்ளலாம். சிக்னலில் பிளாட்பாரக் கல்லை ஒட்டி நிற்பாள், இடது கால் கல்லின் மேல். கிராமத்தில் வேகத்தடை இருந்தால் முன்சக்கரம் தாண்டியதும் நிறுத்தி, தடையின் மேட்டில் காலை வைப்பாள். சாமி ஊர்வலம், கல்யாண ஊர்வலம் எதிரே வந்தால் முப்பது அடி முன்னாலேயே நல்ல இடம் பார்த்து நின்றுவிடுவாள். "எங்க நிக்கறதுன்னு வண்டி முடிவு பண்ணக் கூடாதுண்ணா, நாம முடிவு பண்ணணும்" என்பாள். ஐந்தடி ஒரு அங்குல உயரமுள்ள ஜோசலின் ஸ்னோ என்ற அமெரிக்கப் பெண் 2018இல் மங்கோலியாவில் பி.எம்.டபிள்யூ.வின் ஜி.எஸ். டிராபி போட்டியில் 1200 சி.சி. வண்டியை ஓட்டினார். அவருக்கு மங்கோலியாவில் பிளாட்பாரக் கல் கிடைத்திருக்காது.

கொல்லிமலை

இதற்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் இந்த வண்டி வாங்குகிறவர் யாராக இருந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போவார். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஏற்காட்டுக்கு 20தான், அகலமும் அதிகம். கொல்லிமலையில் வளைவுகள் ஒன்றன் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

நாம் இடது பக்கம் போகிற நாடு. ஆகவே ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளி வட்டத்தில் இருப்போம், சுகமாகப் போகும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள் வட்டம் நம்முடையது. செங்குத்தும் அங்கேதான், ரோட்டின் தாழ்வும் அங்கேதான். அந்த இடத்தில் பஸ் இறங்கி வந்து, நீங்கள் பதறி நிறுத்தி, இடது காலை ஊன்றினால், தரை உங்கள் பூட்ஸுக்கு அரை அடி கீழே. வண்டி பள்ளத்துப் பக்கமே படுக்கும். வழி ஒன்றுதான்: இடது வளைவுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே மேல் ரோட்டை அண்ணாந்து பாருங்கள். பஸ்ஸோ லாரியோ தெரிந்தால், ஹாரன் கேட்டால், வளைவுக்குப் பத்தடி முன்னால் நேர் ரோட்டிலேயே நின்று வழிவிடுங்கள். பின்னால் கார்க்காரர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

மீறி உள்ளே மாட்டிக்கொண்டால் வலது காலை ஊன்றுங்கள், அந்தப் பக்கம் தரை உயரம். ஆனால் வலது காலை எடுத்தால் பின் பிரேக் போய்விடும், முன் பிரேக்கை மட்டும் பிடித்து நிற்க வேண்டும், கிளம்பும்போது இரண்டு விரல் பிரேக்கில், மற்றது ஆக்சிலேட்டரில். இதை மலையில் போய்ப் பழக முடியாது. உங்கள் ஊர் மேம்பாலத்தின் ஏற்றத்தில், விடியற்காலை ஆறு மணிக்கு, இருபது முறை நின்று நின்று கிளம்பிப் பழகுங்கள்.

ஆடி 17, 18 வல்வில் ஓரி விழாச் சமயத்தில் புது வண்டியோடு போகாதீர்கள். பாதி மலையில் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர வேண்டியிருக்கும். மலைக்காரர்கள் எக்ஸெல் மொபெட்டில் முன்னால் மூட்டையும் பின்னால் மனைவியுமாக உங்களைத் தாண்டிப் போவார்கள். அவர்களைப் பார்க்கும்போது, நாம் எதற்கு இவ்வளவு பெரிய வண்டி வாங்கினோம் என்று எனக்கும் தோன்றியதுண்டு.

ஏறுவது, இறங்குவது, தள்ளுவது

எட்டாத வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏறினால் பின்னால் கட்டிய பையில் பூட்ஸ் மாட்டும். சைடு ஸ்டாண்டு போட்டபடியே, இடது காலை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, குதிரை ஏறுவதுபோல எழும்பி வலது காலைப் போடுங்கள். ஸ்டாண்டின் அடியில் கெட்டித் தரை இருக்க வேண்டும், வண்டி கியரில் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு இப்படி ஏறக் கூடாது என்று சொன்னால் அதைக் கேளுங்கள். இறங்குவதும் இப்படியே, தலைகீழாக. சைடு ஸ்டாண்டு போடாமல் எதற்கும் இறங்காதீர்கள்.

உட்கார்ந்தபடி பின்னால் தள்ள நம்மால் முடியாது. நுனிக்காலுக்கு அந்த வலு இல்லை. இறங்கி, இடுப்பை டேங்கில் சாய்த்துத் தள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். அதைவிட முக்கியம், சரிவைப் பார்த்து மூக்கைக் கீழே வைத்து நிறுத்தாதீர்கள். கோயில் வாசலில் இடம் கிடைத்ததே என்று அப்படி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால், நான்கு பேரைக் கூப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

விழுந்தால், முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இழுத்துவிட்டுப் பிறகு தூக்குங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் போய் விழும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பிட்டத்தை வைத்து, ஒரு கை ஹேண்டிலில், இன்னொன்று பின் கம்பியில், முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். முதுகால் தூக்காதீர்கள், காலால் தூக்குங்கள். அறுபது கிலோ ஆள் இருநூறு கிலோ வண்டியை இப்படி நிமிர்த்த முடியும். வாங்குவதற்கு முன் நண்பரின் பழைய வண்டியை மணலில் மெதுவாகப் படுக்க வைத்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாத வண்டியை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

குஷன் கடை

உயரத்தைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு நம் பக்கம் இருக்கும் வசதி வேறெங்கும் இல்லை. நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். லாரி டிரைவர் ஆயிரம் கிலோமீட்டர் உட்கார்ந்து போகிற சீட்டைச் செய்கிறவர்களுக்குப் பைக் சீட் ஒரு மதிய வேலை.

நான் போனபோது குஷன் கடை அண்ணன், "எவ்வளவு எறக்கோணுங் தம்பி?" என்றார்.

"ரெண்டு இஞ்ச் எறக்குங்ணா."

சீட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு இஞ்ச் எறக்குனா தகரத்து மேலதானுங் உக்காரோணும். ஏற்காடு ஏறி எறங்கறதுக்குள்ள எலும்பு தட்டும். உக்காருங், பாக்கலாம்."

வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, என் தொடை சீட்டைத் தொடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு சீட்டைக் கழற்றி, பின்களைப் பிடுங்கி, ரெக்சினை உரித்தார். நடுவில் அவர் முதலில் கத்தி வைக்கவில்லை. கோட்டுக்கு வெளியே இருந்த இரண்டு தோள்களையும் ஹாக்சா பிளேடால் சீவினார், மாங்காய்க்குத் தோல் சீவுவது போல, சாய்வாக. நடுவில் ஒரு விரல் கனம் மட்டும் எடுத்து, அந்த இடத்தில் கெட்டி ஸ்பாஞ்ச் ஒரு தகடு ஒட்டினார். புது ரெக்சின் இழுத்துப் போட்டுப் பின் அடித்தார். இரண்டு மணி நேரம். சீட் இறங்கியது ஒன்றரை செ.மீ.தான். ஆனால் ஓரம் ஒடுங்கியதில் கால் நேராக இறங்கியது, அதில் இன்னும் இரண்டு செ.மீ. கிடைத்தது. அன்று முதல் என் இடது குதிகால் தரையைத் தொடுகிறது.

முடிந்தால் பழைய சீட்டை அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு பழைய சீட் வாங்கி அதை வெட்டுங்கள். விற்கும்போது உதவும்.

இரும்பில் கைவைப்பது

பின் சாக்கின் லிங்க்கை மாற்றி, முன் ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே தள்ளி, வண்டியையே ஓர் அங்குலம் இறக்கித் தருகிறேன் என்று பட்டறைகளில் சொல்வார்கள். முடியும்தான். நான் செய்யவில்லை, உங்களையும் கடைசி வழியாகத்தான் யோசிக்கச் சொல்வேன். தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளிக்காகக் காசு கொடுத்துவிட்டு அதையே வெட்டுவது என்ன நியாயம்? பின்னால் மட்டும் இறக்கி முன்னால் விட்டால் வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். இரண்டையும் இறக்கினால் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும், வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தால் மறுபக்கம் சாயும், ஆக அதையும் வெட்டி வெல்டு வைக்க வேண்டும். வாரண்டி போய்விடுமா என்பதைச் சர்வீஸில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படியான மாற்றங்களை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சீட் ஸ்பாஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை.

ஷோரூமில்

சென்டர் ஸ்டாண்டிலோ மேடையிலோ நிற்கிற வண்டியில் ஏறிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியைக் கேளுங்கள். பெரும்பாலும் ஷோரூம் முன்னால் ஒரு சுற்று, அதுவும் விற்பனைப் பையன் பின்னால் உட்கார்ந்துகொண்டு. அது போதாது. தனியாகப் போகிறேன் என்று சொல்லி, நான்கு இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: சமமான தாரில், தாரும் மண்ணும் சேரும் ஓரத்தில், ஒரு ஏற்றத்தில், ஒரு யூ-டர்ன் நடுவில். இரண்டு காலும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டாம். ஒரு கால் உறுதியாக ஊன்றுகிறதா, அப்போது இன்னொரு கால் பிரேக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். "உங்களுக்கு இது செட் ஆகாது சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு சாவியைக் கேளுங்கள்.

என் தீர்ப்பு இது. கால் அளவு 72 செ.மீ.க்கு மேல், முதல்முறையாக உயரமான வண்டி வாங்குகிறீர்கள் என்றால், ப்ரோ இல்லாத எக்ஸ்பல்ஸ் 200 4வி, பழையதாக இருந்தாலும் சரி. 72க்குக் கீழே என்றால் அதே வண்டி, குஷன் வேலையோடும் ப்ரீலோட் ஒரு படி தளர்த்தியும். நெடுந்தூரம், லடாக் என்று கனவு இருப்பவர்கள் ஒரு வருடம் இதில் ஓட்டிவிட்டு, 805 சீட் போட்ட ஹிமாலயன் 450க்குப் போகலாம். வேலைக்குப் போய்வர மட்டும், மாதம் ஒருநாள் ஏற்காடு என்றால், இருக்கிற ஸ்பிளெண்டரே போதும், அதிலும் ஏற்காடு வரும்.

பார்க்கப் போகும்போது செருப்போடு போகாதீர்கள். மலைக்கு எந்த ஷூவைப் போடுவீர்களோ அதே ஷூவோடு போங்கள்.